புளிய மரத்துக்கு நேர் தெற்கே

மனை பார்க்க வருகிறவர்களை நான் முதலில் மூலைக்கல்லுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். நான் நட்ட கல்லுக்கு இல்லை, சர்வே காலத்தில் அரசாங்கம் நட்டதற்கு. பெரும்பாலும் அது வரப்புக்குள் புதைந்து கிடக்கும். கையோடு கொண்டுபோன மண்வெட்டியால் தோண்டி, தலையில் ஒட்டின மண்ணைத் துடைத்து, அவர்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் டேப்பை எடுப்பேன். வெயிலில் நிற்கிற பெண்கள் முணுமுணுப்பார்கள். கல்லைப் பார்த்து என்ன செய்வது, இடத்தைக் காட்டுங்கள் என்பார்கள். என் வீட்டுக்காரி இதற்கு வேறு காரணம் சொல்வாள். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன் கல்லை மட்டும் ஒரு தடவையோடு விடுவாரா என்று.

அவள் சொல்வது சரிதான். நான் பயந்த சுபாவம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதின காகிதம் எதைப் பார்த்தாலும் அதில் எங்கேயோ ஒரு பள்ளம் இருக்கிறது, படித்தவர்களுக்கு அது தெரியும், எனக்குத் தெரியாது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இந்த பயத்தை வைத்துக்கொண்டு முப்பது வருஷத்துக்கு மேல் மனை போட்டேன், மற்றவர்களுடைய வாடகை வீடுகளைப் பார்த்துக்கொண்டேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் யோசனை கேட்டால் கல்லைத் தோண்டு என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவேன். ஏன் என்று சொன்னதில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு நிலக்காரருக்கு வரிசையாக வாடகை வீடுகள் இருந்தன. ஓடு மாற்றுவது, கிணற்றுக்கு வாளி வாங்கிப் போடுவது, குடித்தனக்காரர்கள் சண்டையை விலக்கிவிடுவது எல்லாம் என் வேலை. சின்னசேலம் போகிற சாலையில், தெற்குப் பக்கம், அவருக்கு இரண்டு ஏக்கர் கரும்பு நிலமும் இருந்தது. கரும்பில் ஒன்றும் மிஞ்சவில்லை, மனை போடலாம், நீயே நின்று பார்த்துக்கொள் என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. முள்ளை வெட்டி, ஒரு கொட்டகை போட்டு, கடப்பாரை, மண்வெட்டி, இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கிற பெரிய ரம்பம் எல்லாம் வாங்கி வைத்தேன். ரம்பத்தின் கைப்பிடிக்கு நீலப் பெயின்ட் அடித்தேன், திருட்டுப் போனால் அடையாளம் சொல்ல வேண்டும் என்று.

முதல் மனையை வாங்கினவர் கல்வராயன் மலைக்காரர். என் வயதுதான் இருக்கும். கடுக்காயும் மலைப் புளியும் சாக்கில் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு கச்சிராயபாளையம் வரைக்கும் நடந்து வந்து, அங்கே பஸ் பிடித்து கள்ளக்குறிச்சிக்கு வருவார். எங்கள் வாடகை வீடுகளுக்கு எதிரில் இருந்த மண்டியில்தான் சாக்கை இறக்குவார். பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்து மறுநாள் திரும்புவார். அப்படிப் பழக்கம்.

மேலே அவருக்கும் நிலம் இருந்தது. அப்பன் உழுதது, பாட்டன் உழுதது. ஆனால் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. ஒரு வருஷம் ஒருத்தர் வந்து இது காடு என்பாராம், அடுத்த வருஷம் இன்னொருத்தர் வந்து இது வேறு யாருடையதோ என்பாராம். தன் பேர் போட்ட காகிதம் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதைவிடப் பெரிய ஆசை மகளைப் பற்றியது. அதற்கு அப்போது ஏழெட்டு வயது. மண்டித் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பீடியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

"எங்க சனத்துக்குன்னு வேலை எழுதி வெச்சிருக்காங்களாம்ங்க. அங்க போவணும்னா படிச்சிருக்கணும். பள்ளிக்கூடம் கீழ இருக்குது, பொண்ணு மேல இருக்குது. கீழ ஒரு வூடு இருந்தா ஆவும்."

மனையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். சாலையை ஒட்டின மனை, மேடு. நான் நட்டிருந்த நாலு கல்லையும் சுற்றி வந்தார். ஒன்றைக் காலால் தள்ளினார். கல் ஆடியது. அண்ணாந்து சாலையோரத்துப் புளிய மரத்தைப் பார்த்தார். மூன்று பேர் கை கோத்தாலும் கட்ட முடியாத மரம் அது.

"கல்லு நீங்க நட்டது. மரம் நீங்க நட்டது இல்ல. பத்திரத்துல மரத்த எழுதுங்கண்ணா" என்றார்.

மலையில் அப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு பலா, ஒரு பாறை, ஒரு ஓடை, அதுதான் அவர்களுக்கு எல்லை. கீழே நாங்கள் மட்டும் என்ன, அந்தக் காலத்துப் பத்திரங்களில் கிணறும் மரமும் இல்லாத பத்திரம் குறைவு. அதனால் எனக்கு அது தப்பாகப் படவில்லை.

பத்திரம் எழுதுகிறவர் ஒரு கேள்வி கேட்டார். மூலைக்கல்லிலிருந்து எத்தனை அடி? கல் தென்மேற்கு மூலையில் வரப்புக்குள் இருந்தது. மேலே முள் மூடிக் கிடந்தது. தோண்டி எடுத்து அளந்துகொண்டு வர அரை நாள் ஆகும். நல்ல நேரம் முடிய முக்கால் மணிதான் இருந்தது. நிலக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிஜிஸ்தர் ஆபீசில் இருக்கிறவர்களைக் காக்க வைப்பதை நினைத்தாலே எனக்கு வேர்த்தது. மரம்தான் இருக்கிறதே, அது போதும் என்றேன். மரத்துக்கு எண் உண்டா என்றார். நெடுஞ்சாலைக்காரர்கள் அடித்த எண் மழையில் உரிந்து போயிருந்தது. பெரிய புளிய மரம் என்று எழுதுங்கள், யாருக்குத் தெரியாது என்றேன்.

அப்படியே எழுதினார். வடக்கே நெடுஞ்சாலை, அதிலுள்ள பெரிய புளிய மரத்துக்கு நேர் தெற்கே. கிழக்கு, மேற்கு, தெற்கு மூன்று பக்கமும் எழுதிக் கொடுப்பவரின் பாக்கி நிலம். முதல் மனை ஆயிற்றே, பக்கத்தில் வேறு யார் பேரைப் போடுவது? இரண்டு ஏக்கருக்கும் ஒரே சர்வே எண். அந்த இரண்டு ஏக்கரில் இவருடைய இடம் எது என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு சாட்சி, அந்த மரம். இதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. பஸ்ஸில் சில்லறையை மூன்று தடவை எண்ணுகிறவன், இதை ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

அது எண்பத்தேழாம் வருஷம். எங்கள் பக்கமெல்லாம் இட ஒதுக்கீட்டுப் பேச்சாகவே இருந்தது. எங்கள் சாதிசனத்துக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று ஊருக்கு ஊர் கூட்டம். அது நியாயம்தான் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். எங்கள் தெருவில் பத்தாவது தாண்டினவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். படித்திருந்தால் நானும் ஒரு காகிதத்தைப் பார்த்து இப்படி நடுங்கியிருக்க மாட்டேன். ஒரு வாரம் சாலை மறியல் என்று முடிவாயிற்று. பஸ் ஓடாது, லாரி ஓடாது, உளுந்தூர்பேட்டையிலேயே எல்லாம் நின்றுவிடும் என்றார்கள். எப்படி நிறுத்துவார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறியலுக்கு முதல் நாள் மலைக்காரர் கீழே வந்திருந்தார். கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் மனையில் மிச்சமிருந்த முள்ளை வெட்டிவிடலாம் என்று வந்தவர், பஸ் நின்றுவிட்டதால் எங்கள் கொட்டகையிலேயே தங்கிவிட்டார். மறுநாள் காலையில் நான் நடந்தே அங்கே போனேன். கொட்டகை பத்திரமாக இருக்கிறதா என்ற கவலை. போன கொஞ்ச நேரத்தில் என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி, பத்துப் பன்னிரண்டு பேரோடு வந்தான். எல்லாரும் தெரிந்த முகங்கள். அரிவாளும் கோடாலியும் வைத்திருந்தார்கள்.

"மாமா, அந்தப் பெரிய ரம்பத்தக் குடு. சாயந்தரம் குடுத்துடறேன்."

எதற்கு என்று கேட்டேன். சாலைக்கு என்றான். அதற்கு மேல் கேட்கவில்லை. கொடுக்காவிட்டால் நாளைக்குத் தெருவில் எப்படி நடப்பது, கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்களா, இழவுக்கு வருவார்களா என்றெல்லாம் மனசு ஓடியது. அவன் அப்படி எதுவும் சொல்லவில்லை. சிரித்த முகமாகத்தான் நின்றான். நானே எடுத்து, துரு படியாமல் சுற்றி வைத்திருந்த சாக்கை அவிழ்த்துக் கொடுத்தேன்.

வளைவில் இருந்த இரண்டு மரங்களை முதலில் அறுத்தார்கள். குறுக்கே விழுந்தன. அது போதாதென்று எங்கள் மரத்துக்கு வந்தார்கள். மலைக்காரர் அதற்குள் போய் மரத்தடியில் நின்றுவிட்டார். கொட்டகை வாசலிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது.

"இத்த மட்டும் வுட்டுடுங்க. என் காயிதத்துல இருக்குது இந்த மரம்" என்றார்.

அவர்களுக்குப் புரியவில்லை. சிரித்தார்கள். மரத்தைக் கட்டிக்கொண்டு மலைக்கே போய்விடுங்களேன் என்றான் ஒருத்தன். மச்சான் மட்டும் சிரிக்காமல், மரியாதையாகவே பேசினான். "நகருங்கண்ணா. எங்க புள்ளைங்களுக்கு வேலை கேட்டுக்கினு நிக்கறோம். நீங்க ஒரு மரத்துக்கு நிக்கறீங்க."

மலைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மச்சான் எனக்கு அடங்கினவன். அடுத்த மரத்துக்குப் போயிருப்பான், சாலை நெடுகவும்தான் மரம் நின்றதே. நான் குனிந்து கடப்பாரைகளைச் சுவரோரம் நேராக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கனவே நேராக இருந்தவற்றை. அந்த மரம் விழ நெடுநேரம் ஆயிற்று. ரம்பம் இழுக்கிற சத்தம் நின்று, ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, தரை அதிர்ந்தது.

அந்த வாரம் நடந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரியும். சில ஊர்களில் துப்பாக்கிச் சூடு என்று சேதி வந்தது. பிறகு போலீஸ் தெருத் தெருவாக வந்தது. மச்சானைப் பிடித்துக்கொண்டு போய் கடலூர் ஜெயிலில் வைத்தார்கள். சாலையில் கிடந்த ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், நீலக் கைப்பிடியோடு. அடையாளத்துக்கு என்று நானே அடித்த பெயின்ட். எத்தனையோ நாள் ஜீப் சத்தம் கேட்டாலே கொல்லைப் பக்கம் போய் நின்றுகொள்வேன். யாரும் என்னைத் தேடி வரவில்லை.

மலைக்காரர் நாலைந்து மாசம் கீழே இறங்கவில்லை. அதற்குள் வெட்டின மரங்களை ஏலம் விட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். சாலையை அகலப்படுத்தினார்கள், அடிக்கட்டைகளைத் தோண்டிப் பள்ளத்தை ஜல்லியால் மூடினார்கள். சாலையோர மனைக்கு மவுசு வந்தது. நிலக்காரர் என்னிடம் கேட்காமல் டிராக்டர் விட்டு இரண்டு ஏக்கரையும் ஓட்டி, நான் நட்ட கல்லையெல்லாம் பிடுங்கிப் போட்டு, புதுசாக ஒரு வரைபடம் போட்டு, முன்பக்கத்து மேடு முழுவதையும் லாரிப் பட்டறை வைக்கிற ஒருத்தருக்குப் பேசிவிட்டார். மலைக்காரருக்கு என்று வடக்கு ஓரத்திலேயே கிழக்கு மூலை ஒன்றை ஒதுக்கினார். வாய்க்கால் பக்கத்துப் பள்ளம். மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும். நாலு அளவும் சரியாக இருந்தது, வடக்கே நெடுஞ்சாலையும் இருந்தது, வாய்க்கால் கரையோரம் ஒரு முழம் விட்டிருந்ததால் மூன்று பக்கமும் பாக்கி நிலமும் இருந்தது. பத்திரத்தில் இருந்ததில் மரம் ஒன்றுதான் இல்லை. அந்த இடத்துக்கு எதிரிலும் ஒரு காலத்தில் ஒரு புளிய மரம் நின்றதுதான்.

மலைக்காரர் வந்து பார்த்துவிட்டு தாலுகா ஆபீசில் மனு கொடுத்தார். யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அளந்து பார்க்க நாள் குறித்தார்கள். அதற்கு முதல் நாள் நிலக்காரர் என்னைத் தன் நெல் குடோனுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதுவரைக்கும் அவர் என்னை உட்காரச் சொன்னதில்லை.

"அந்த ரம்பம் யாரோடதுன்னு போலீஸ்காரங்க இன்னும் கேட்டுக்கினு இருக்காங்கப்பா. நான் தெரியாதுன்னுட்டேன்" என்றார். காப்பி வந்தது. குடித்து முடிக்கிற வரைக்கும் நெல் விலையைப் பற்றிப் பேசினார். நான் எழுந்தபோது சொன்னார், "நாளைக்கு சர்வேயர் வராரு. மரம் எங்க இருந்துச்சின்னு கேப்பாரு. எவ்ளோ மரம் இருந்துது, உனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போவுது."

மறுநாள் பத்து மணிக்கு எல்லாரும் சாலையோரம் நின்றோம். சர்வேயர் பத்திரத்தைப் படித்தார். பெரிய புளிய மரத்துக்கு நேர் தெற்கே என்றால் எந்த மரம் என்றார். மலைக்காரர் நடந்துபோய் ஜல்லிக்கு மேல் ஒரு இடத்தில் நின்றார். சரியாக அந்த இடம்தான். ஒரு அடி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லை.

"இங்கதாங்க" என்றார்.

"நீ போயி நின்னா மரம் ஆயிடுமாய்யா?" என்றார் சர்வேயர். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, மனை பிரித்தது நீதானே, நீ சொல் என்றார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நிலக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நெறைய மரம் இருந்துதுங்க. எதுன்னு எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

மலைக்காரர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவர்கள் சங்கிலியைப் பிடித்து, பள்ளத்தில் நாலு கல் நட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற வரைக்கும் ஜல்லி மேல் அப்படியே நின்றார். அவர் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் பத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிப் பக்கம் நடந்தார். பஸ் வந்தது, கையைக் காட்டவில்லை. அந்த மண்டிக்கு அதற்குப் பிறகு அவர் சாக்கு வரவில்லை. பள்ளத்து மனையில் கோரை முளைத்தது.

இதற்குப் பிறகு நான் அந்த நிலக்காரரை விட்டு வந்துவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. இன்னும் மூன்று வருஷம் அவருடைய வாடகை வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் வெளியே வந்தான், நாங்கள் கேட்டதில் ஏதோ கொஞ்சம் கிடைத்தது, அவன் பிள்ளைகள் படித்தார்கள். ஒருத்தி இன்றைக்கு டீச்சர். அவளைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும். கூடவே இன்னொரு பெண் குழந்தை ஞாபகத்துக்கு வரும். அதைக் குழந்தையாக நான் பார்த்ததுகூட இல்லை.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் காசு சேர்த்து, சொந்தமாக மனை போட்டேன். அதே சாலையில், கொஞ்ச தூரம் தள்ளி. இந்தத் தடவை நாள் முழுக்கத் தோண்டி மூலைக்கல்லை எடுத்தேன். சாலையைப் பார்த்த மேட்டு மனை ஒன்றை விற்காமல் நிறுத்தி, அவர் பேருக்கே கிரயம் எழுதி ரிஜிஸ்தர் செய்தேன். அப்போதெல்லாம் வாங்குகிறவர் வராமலே எழுத முடியும். பத்திரத்தை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிற வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். வளைவுக்கு வளைவு என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஆறேழு மைல் நடக்க வேண்டியிருந்தது.

அவர் வாசலில் சாமை காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. கட்டிலைக் காட்டி உட்காரச் சொன்னார். மகள் வந்து தண்ணீர் கொடுத்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. பத்திரத்தை நீட்டினேன். அவர் மகளைப் பார்த்தார், மகள் என்னைப் பார்த்தாள். "நீங்களே படிங்க" என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

படித்தேன். சர்வே எண், மூலைக்கல்லிலிருந்து அடிக்கணக்கு, நாலு பக்கமும் யார் யார் மனை என்று பேரோடு. முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மரம் எதுவும் எழுதலீங்களா?"

இல்லை என்றேன். இனிமேல் மரம் எழுதக்கூடாது, கல்லிலிருந்து அளந்திருக்கிறேன், யாரும் மாற்ற முடியாது என்றேன். யாராவது மாற்றினால் இதுதான் இடம் என்று யார் சொல்வது என்று கேட்டார். நான் சொல்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. உடனே ரம்பத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அது என்னுடையது, நானேதான் எடுத்துக் கொடுத்தேன், போலீஸ் பயம், அதனால்தான் அன்றைக்கு வாய் வரவில்லை என்று ஒத்திகை பார்த்ததையெல்லாம் தாறுமாறாகக் கொட்டினேன். அவர் சாமையைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"ரம்பம் எனக்குத் தெரியும்ங்க. அத்த வெச்சித்தான நான் முள்ளு மரம் அறுத்தேன். அதுக்குக் கோவம் இல்ல" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமலே, "மரம் எங்கன்னு ஒரு தபா உங்களக் கேட்டாங்களேங்க" என்றார்.

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. சாமைத் தூசி படாமல் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, பத்திரத்தை வாங்கி மடித்து, என் மடியில் வைத்தார். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கூழ் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். குடித்தேன். கடைசி பஸ் போய்விடுமோ என்ற பயம் அப்போதும் எனக்கு வந்தது.

அந்தப் பத்திரம் என் பீரோவில், குடித்தனக்காரர்களுடைய ஒப்பந்தங்களுக்கு அடியில் இருக்கிறது. மனை அவர் பேரில்தான். வரியை அவர் பேரிலேயே கட்டுகிறேன். எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள், சும்மா கிடக்கிற மனைதானே என்று. வருஷத்துக்கு இரண்டு தடவை ஆள் விட்டு முள் வெட்டுகிறேன். அவரும் வரவில்லை, மகளும் வரவில்லை. போன மாசம் மூலைக்கல்லைத் தோண்டி மறுபடி அளந்தேன். எதிரில் டீக்கடை வைத்திருக்கிறவர், இன்னா மாமா, போன வருஷம் அளந்தது இந்த வருஷம் குறைந்து போய்விடுமா என்றார். டேப்பை இரண்டு தடவை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது.